நியூ ஆர்லியன்ஸ் வெள்ளம்: ஏரிக்குப் போனது எது, ஊரில் தங்கியது எது

நீங்கள் கேட்டது இது: 2005-ல் கத்ரீனா புயலுக்குப் பிறகு நியூ ஆர்லியன்ஸ் நகரத்தில் வாரக்கணக்கில் தேங்கி நின்ற தண்ணீரை, சாக்கடையும் பெட்ரோலும் எண்ணெயும் கலந்த அந்த வெள்ளத்தை, எந்தச் சுத்திகரிப்பும் இல்லாமல் பக்கத்திலிருக்கும் பான்சர்ட்ரெயின் ஏரியில் இறைத்து விட்டார்கள், அந்த ஏரி அதற்கப்புறம் என்ன ஆனது, சட்டம் கடுமையாக இருக்கிற நாட்டில் இதை எப்படி அனுமதித்தார்கள்? ஊரைக் காப்பாற்ற ஏரியைப் பலி கொடுத்தார்களா என்பதுதான் நீங்கள் உண்மையில் கேட்பது என்று புரிந்துகொள்கிறேன். அதற்குத்தான் பதில் சொல்லப் பார்க்கிறேன்.

முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஏரி சாகவில்லை. தெற்குக் கரையோரம் சில வாரங்கள் அடி வாங்கியது, அப்புறம் தேறிவிட்டது. ஆனால் வெள்ளத்தில் இருந்த கெடுதல் எல்லாம் ஏரிக்குப் போய்க் கரைந்து காணாமல் போனது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அதில் பெரும்பகுதி சேற்றோடு சேர்ந்து ஊருக்குள்ளேயே தங்கியது. ஏரியைப் பற்றி அன்று எழுந்த கவலையில் பாதியாவது அந்தச் சேற்றைப் பற்றி எழுந்திருக்க வேண்டும் என்று நினைப்பவன் நான்.

நான் நீர்த்தரப் பரிசோதனையில் பல வருடம் வேலை பார்த்தவன். நியூ ஆர்லியன்ஸில் வேலை செய்ததில்லை. அங்கே நடந்ததைப் பற்றிச் சொல்வதெல்லாம் வெளியான அளவீடுகளையும் ஆய்வுகளையும் படித்துச் சொல்வது. ஒரு தண்ணீர் மாதிரி எப்படி எடுக்கப்படுகிறது, ஒரு எண் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாது என்பது மட்டும் என் சொந்த அனுபவம். உடல்நலம் பற்றிய இடங்களில் நான் மருத்துவன் இல்லை என்பதை மனதில் வைத்துப் படியுங்கள்.

ஊரின் அமைப்பு தெரியாமல் இந்தக் கதை புரியாது. தெற்கே மிசிசிப்பி ஆறு, வடக்கே பான்சர்ட்ரெயின் ஏரி, நடுவில் ஒரு கிண்ணம் மாதிரி நகரம். அதில் ஏறக்குறைய பாதி கடல் மட்டத்துக்குக் கீழே. மழை பெய்தால் தண்ணீர் தானாக வெளியேற வழியே கிடையாது. ஆல்பர்ட் பால்ட்வின் வுட் என்ற பொறியாளர் 1910-களில் வடிவமைத்த பிரமாண்டமான திருகு பம்புகளில் சில இன்றுவரை ஓடுகின்றன. சாதாரண மழை நாளிலும் தெருத் தண்ணீர் பம்ப் நிலையங்களுக்கு வந்து, அங்கிருந்து ஏற்றப்பட்டு, 17-ஆம் தெரு கால்வாய், ஆர்லியன்ஸ் அவென்யூ கால்வாய், லண்டன் அவென்யூ கால்வாய் என்ற மூன்று வாய்க்கால்கள் வழியாகப் பெரும்பாலும் ஏரிக்குத்தான் போகும். அதாவது நகரத்தின் அழுக்குத் தண்ணீர் ஏரிக்குப் போவது 2005-ல் புதிதாக ஆரம்பித்த விஷயம் இல்லை. பல பத்தாண்டுகளாக ஒவ்வொரு மழைக்கும் நடந்து வந்தது. புதிது என்னவென்றால், அந்தத் தடவை தண்ணீர் வீடுகளுக்குள்ளும் கார்களுக்குள்ளும் கடைகளுக்குள்ளும் புகுந்து வாரக்கணக்கில் ஊறிவிட்டு வந்தது.

2005 ஆகஸ்ட் 29-ஆம் தேதி புயல் கரையைக் கடந்தது. கடலலை எழும்பி ஏரியையும் கால்வாய்களையும் நிரப்பியதில் 17-ஆம் தெரு கால்வாய், லண்டன் அவென்யூ கால்வாய், தொழிற்பேட்டைக் கால்வாய் இவற்றின் தடுப்புச் சுவர்கள் உடைந்தன. நகரத்தில் சுமார் 80 சதவீதம் மூழ்கியது. இங்கே பலர் கவனிக்காமல் விடுகிற ஒரு விஷயம் இருக்கிறது. நகரத்தின் மையப் பகுதியை மூழ்கடித்த தண்ணீரில் பெரும்பங்கு அந்த ஏரியின் தண்ணீரேதான். உடைப்பு வழியாக ஏரி ஊருக்குள் வந்தது. ஏரி மட்டமும் ஊருக்குள் நின்ற தண்ணீரின் மட்டமும் சமமானதும் ஓட்டம் நின்றது. அப்புறம் இறைத்தபோது ஏரித் தண்ணீர் ஏரிக்கே திரும்பிப் போனது. ஆகவே கேட்க வேண்டியது, நகரத்தில் நின்ற நாட்களில் அந்தத் தண்ணீரில் என்ன சேர்ந்தது, திரும்பும்போது எவ்வளவைக் கொண்டு போனது என்பதைத்தான்.

சேர்ந்தது நிறைய. கழிவுநீர்க் குழாய்கள் பொங்கின. நகரத்தின் பெரிய கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையமே மூழ்கிவிட்டது. ஆயிரக்கணக்கான கார்களிலிருந்து பெட்ரோலும் எஞ்சின் ஆயிலும் பேட்டரி அமிலமும் கசிந்தன. வீட்டுக்கு வீடு மூலையில் இருக்கிற பெயின்ட், பூச்சிமருந்து, ப்ளீச், அடுப்படி எண்ணெய், குளிர்சாதனப் பெட்டியில் அழுகிய இறைச்சி எல்லாம் கலந்தன. அந்த ஊர் மண்ணில் ஏற்கனவே ஈயம் அதிகம். பழைய மரவீடுகளின் ஈயப் பெயின்ட்டும் ஈயம் கலந்த பெட்ரோல் காலத்துப் புகையும் விட்டுப்போனது. ஒரு காலத்தில் நகரத்தின் குப்பைக் கிடங்காக இருந்து, நச்சுக் கழிவிடமாக மத்திய அரசின் பட்டியலில் ஏறிய அக்ரிகல்ச்சர் தெருப் பகுதியும் தண்ணீருக்குள் போனது. பக்கத்து செயின்ட் பெர்னார்ட் மாவட்டத்தில் மர்ஃபி எண்ணெய் நிறுவனத்தின் ஒரு சேமிப்புத் தொட்டி வெள்ளத்தில் மிதந்து இடம் பெயர்ந்து, சுமார் 25,000 பீப்பாய், அதாவது ஏறக்குறைய 40 லட்சம் லிட்டர் கச்சா எண்ணெய் வெளியேறி 1,700-க்கும் மேற்பட்ட வீடுகளைப் பாழாக்கியது.

இதையெல்லாம் கேட்டால் யாருக்கும் வயிறு கலங்கும். அன்று பத்திரிகைகள் அதை 'நச்சு சூப்' என்று எழுதின. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை செப்டம்பர் 3-ஆம் தேதியிலிருந்து மாதிரி எடுத்து, 7-ஆம் தேதி முதல் முடிவை அறிவித்தது. மலம் கலந்திருப்பதைக் காட்டும் ஈ.கோலை நுண்ணுயிரி பரிந்துரைக்கப்பட்ட அளவைவிடக் குறைந்தது பத்து மடங்கு, ஈயமும் அதிகம், தண்ணீரைத் தொடாதீர்கள், தொட்டால் சோப்புப் போட்டுக் கழுவுங்கள் என்பது அறிவிப்பின் சாரம். அந்த எச்சரிக்கை சரியானதுதான். இடுப்பளவு தண்ணீரில் நடந்துகொண்டிருந்த மக்களுக்கு வேறு என்ன சொல்ல முடியும்?

ஆனால் லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஜான் பார்டியூவும் அவருடைய சகாக்களும் அதே 2005-லேயே வெளியிட்ட ஆய்வு கொஞ்சம் வேறு மாதிரி பேசியது. வெள்ளநீரின் ரசாயனத் தன்மை, அந்த நகரத்தில் சாதாரண மழைக்குப் பிறகு தெருவிலிருந்து வடிகிற தண்ணீரை ஒத்திருந்தது என்றார்கள். ஈயமும், பெட்ரோலிலிருந்து வருகிற பென்சீன் வகை ஆவிப்பொருள்களும் சில இடங்களில் கூடுதல். ஆர்செனிக் குடிநீர் வரம்பைத் தாண்டிய மாதிரிகளும் இருந்தன. மலக்கிருமிகள் மிக அதிகம். ஆனால் எல்லோரும் பயந்த மாதிரி ஆலைக் கழிவுத் தொட்டியின் தண்ணீராக அது இல்லை. அசாதாரணமாக இருந்தது அதன் அளவும், மனிதர்கள் நேரடியாக அதற்குள் இருந்ததும்தான். இந்த முடிவை அப்போது பலர் நம்பவில்லை. அரசாங்கத்தைக் காப்பாற்றச் சொல்கிறார்கள் என்றும் சந்தேகப்பட்டார்கள். அதற்குப் பிறகு வெவ்வேறு குழுக்கள் எடுத்த அளவீடுகள் பெரும்பாலும் இதோடு ஒத்துப்போகின்றன. அதனால் இதை உறுதியான பக்கத்தில் வைக்கிறேன்.

எப்படி இது சாத்தியம் என்று கேட்பீர்கள். தேங்கிய தண்ணீரில் ஒவ்வொரு பொருளும் ஒவ்வொரு திசையில் போகும். பென்சீன், டொலுயீன் மாதிரியானவை வெயிலில் ஆவியாகிப் போய்விடும்; நியூ ஆர்லியன்ஸில் செப்டம்பர் நல்ல வெக்கை. ஈயமும், எரிந்த எண்ணெயிலிருந்து வரும் பல்வளைய ஹைட்ரோகார்பன்களும் தண்ணீரில் கரைந்திருக்க விரும்பாதவை. நுண்ணிய களிமண் துகளில் ஒட்டிக்கொள்ளும். தண்ணீர் அசையாமல் நிற்கும்போது அந்தத் துகள் மெல்லக் கீழே இறங்கும். எண்ணெய் மேலே மிதக்கும். அப்படியானால் மேலே எண்ணெய்ப் படலம், அடியில் சேறு, நடுவில் ஓரளவு தெளிந்த தண்ணீர் என்று தானாகவே பிரிந்துவிடுகிறது. ஒரு கண்ணாடிக் குடுவையில் அப்படிப்பட்ட தண்ணீரைப் பிடித்து மேசையில் வைத்தால் ஒரு ராத்திரிக்குள் அடியில் விரல் தடிமனுக்குச் சாம்பல் நிறக் கசடு இறங்கியிருக்கும். மேல் தண்ணீரை உறிஞ்சிப் பரிசோதித்தால் ஒரு எண் வரும். கலக்கிவிட்டுப் பரிசோதித்தால் அதைவிடப் பல மடங்கு வரும். எங்களைப் போன்றவர்கள் அறிக்கையைப் படிக்கும்போது முதலில் தேடுவது, வடிகட்டிய மாதிரியா, வடிகட்டாத மாதிரியா என்பதைத்தான்.

இப்போது பம்ப் நிலையத்துக்கு வாருங்கள். உறிஞ்சும் வாய் தண்ணீர் மட்டத்துக்கு நன்றாகக் கீழே இருக்கும். காற்றை இழுத்தால் பம்ப் கெட்டுவிடும். அதற்கு முன்னால் இரும்புக் கம்பிச் சட்டம். கிளை, மெத்தை, பிளாஸ்டிக் நாற்காலி, செத்த நாய் எல்லாம் அதில் வந்து அடைக்கும். ஒரு இயந்திர வாரி மேலும் கீழும் போய் அதையெல்லாம் வழித்து எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். மேலே மிதக்கிற எண்ணெய் இந்த வாய்க்குள் சுலபமாகப் போகாது. மட்டம் இறங்க இறங்க அது சுவரிலும் செடியிலும் புல்லிலும் ஒட்டிக்கொண்டு வரும். வெள்ளம் வடிந்த வீடுகளில் சுவரைச் சுற்றிக் கோடு கோடாகப் பழுப்புக் கறை தெரியுமே, அதில் ஒவ்வொரு கோடும் தண்ணீர் கொஞ்ச நாள் நின்ற மட்டம். கடைசி ஒரு அடி தண்ணீர்தான் மோசமானது. அப்போதுதான் அடிச்சேறு கலங்கி, மேலே மிதந்த எண்ணெயோடு சேர்ந்து பம்புக்கு வரும். வெள்ளத்தை இறைக்கும்போது சுற்றுச்சூழலுக்கு என்ன ஆகும் என்று மொத்தமாகக் கேட்பதைவிட, எந்தக் கட்டத்துத் தண்ணீர் என்று கேட்பது முக்கியம்.

சரி, ஏன் சுத்திகரிக்கவில்லை? முடியாது என்பதுதான் நேர்மையான பதில். எந்த நகரத்தின் சுத்திகரிப்பு நிலையமும் தினசரிக் கழிவுநீருக்காகக் கட்டப்பட்டது. முழு நகரத்தையும் நிரப்பிய தண்ணீரை அதன் வழியாக அனுப்ப வருடக்கணக்கில் ஆகும். இங்கே நிலையமே தண்ணீருக்குள் இருந்தது. அப்படியே விட்டு வைத்திருந்தால்? ஒவ்வொரு நாளும் அழுகல் கூடும், ஆக்சிஜன் குறையும், தொட்டிகளும் பீப்பாய்களும் துருப்பிடித்துக் கசியும், வீடுகளின் மரம் ஊறும், இறந்தவர்களின் உடல்களை எடுக்க முடியாது. அடுத்த புயல் வேறு வரும், வந்தது. செப்டம்பர் 24-ஆம் தேதி கரை கடந்த ரீட்டா புயலால், இறைத்துக் காய வைத்திருந்த லோயர் நைன்த் வார்டு என்ற குடியிருப்புப் பகுதி மறுபடி மூழ்கியது. மாநிலச் சுற்றுச்சூழல் துறை அவசர நிலை அறிவிப்பு வெளியிட்டு இந்த வெளியேற்றத்துக்கு வழிவிட்டது. சட்டத்தை யாரும் கண்டுகொள்ளாமல் விட்டார்கள் என்பது உண்மையில்லை. அவசரத்துக்கான வழியை எழுத்தில் பதிவு செய்துதான் செய்தார்கள். அந்த முடிவு சரி என்றே நான் நினைக்கிறேன்.

இறைத்த விதத்திலும் கவனம் இருந்தது. ஹெலிகாப்டரில் பெரிய மணல் மூட்டைகளைப் போட்டு 17-ஆம் தெரு கால்வாய் உடைப்பை செப்டம்பர் 5-ஆம் தேதி அடைத்தார்கள். நனைந்த மோட்டார்களைக் காய வைத்து, பம்ப் நிலையங்களை ஒவ்வொன்றாக உயிர்ப்பித்தார்கள். ஜெர்மனியின் பேரிடர் உதவிப் படையும் நெதர்லாந்துக்காரர்களும் தங்கள் நடமாடும் பம்புகளோடு வந்தார்கள். சில இடங்களில் ராணுவப் பொறியாளர் படை கரையை வேண்டுமென்றே வெட்டி, தண்ணீரைத் தானாக வடியவிட்டது. கால்வாய்களில் எண்ணெய்த் தடுப்பு மிதவைகள் போட்டார்கள், காற்றூட்டும் கருவிகள் வைத்தார்கள். முதலில் 80 நாள் ஆகும் என்றார்கள். அக்டோபர் 11-ஆம் தேதி, ஏறக்குறைய ஆறு வாரத்தில் முடிந்தது.

ஏரிக்கு என்ன ஆனது என்று பார்க்கும்முன் அதன் அளவைப் பாருங்கள். சுமார் 1,630 சதுர கிலோமீட்டர் பரப்பு, சராசரி ஆழம் 12 முதல் 14 அடி. பெருக்கிப் பார்த்தால் கிட்டத்தட்ட 6 லட்சம் கோடி லிட்டர். அது மூடிய ஏரியும் இல்லை. கிழக்கே இரண்டு குறுகிய வாய்கள் வழியாகக் கடலோடு பேசிக்கொண்டே இருக்கிற உவர்நீர்க் கழிமுகம். கால்வாய் வாய்களிலும் தெற்குக் கரையோரமும் மலக்கிருமி எண்ணிக்கை எகிறியது, கரைந்த ஆக்சிஜன் குறைந்தது. கரையை விட்டு விலகி உள்ளே போனால் எண்கள் சட்டென்று இறங்கின. 2007-ல் வெளியான ஒரு விரிவான நுண்ணுயிர் ஆய்வு, இரண்டு மாதத்துக்குள் ஏரித் தண்ணீரில் மலக்கிருமிகள் பழைய அளவுக்குத் திரும்பிவிட்டதாகச் சொல்கிறது. அதே ஆய்வில் வீடுகளுக்குள் இருந்த சேற்றில் எண்ணிக்கை அதிகமாகவே இருந்தது. மனிதக் குடலில் வாழும் கிருமிக்கு உப்பும் வெயிலும் ஆகாது. ஆனால் வைரஸ்களும் சில ஒட்டுண்ணிகளும் இவ்வளவு சீக்கிரம் சாகாது, ஈ.கோலை குறைந்ததால் எல்லாம் குறைந்தது என்று சொல்ல முடியாது. இந்த இடைவெளி எங்கள் துறையில் எல்லா வெள்ளத்துக்கும் பொதுவானது.

மீன், இறால், நண்டு, சிப்பி ஆகியவற்றை மத்திய, மாநில அமைப்புகள் சேர்ந்து பரிசோதித்தன. சிப்பி எடுப்பதை முன்னெச்சரிக்கையாகக் கொஞ்ச காலம் நிறுத்தினார்கள். உணவுப் பாதுகாப்பு வரம்புகளைத் தாண்டிய நச்சு எதுவும் தென்படவில்லை. பயந்த அளவுக்குப் பாசிப் பெருக்கமும் வரவில்லை.

ஒரு விஷயம் அடிக்கடி குழம்பிப் போகிறது. புயலுக்குப் பிந்தைய முதல் இரண்டு வாரத்தில் விப்ரியோ கிருமியால் 22 பேர் நோய்ப்பட்டு 5 பேர் இறந்ததாக அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் பதிவு செய்தது. பெரும்பாலும் காயத்தில் தண்ணீர் பட்டவர்கள். இது சாக்கடையால் வந்தது என்று பலர் எழுதியிருக்கிறார்கள். விப்ரியோவில் இந்த வகைகள் வெதுவெதுப்பான உவர்நீரில் இயல்பாக வாழ்பவை. ஒரு சொட்டுச் சாக்கடை கலக்காத தண்ணீரிலும் இருக்கும். அந்த 22 பேரும் நியூ ஆர்லியன்ஸ் நகரத்தில் நோய்ப்பட்டவர்களும் அல்ல. மிசிசிப்பி மாநிலக் கரையிலும் இருந்தார்கள். ஆகவே அந்த மரணங்களை ஏரியில் இறைத்ததோடு முடிச்சுப் போடக் கூடாது.

இதே ஏரி வேறொரு தண்ணீரால் இதைவிட அதிகம் திணறியிருக்கிறது. மிசிசிப்பி ஆற்றில் வெள்ளம் மிகும்போது நகரத்தைக் காப்பாற்ற, மேலே பானே காரே என்ற மதகைத் திறந்து ஆற்று நீரை ஏரிக்குத் திருப்புவார்கள். பார்க்கச் சாதாரண ஆற்று நீர்தான். ஆனால் அமெரிக்காவின் நடுப்பகுதி வயல்களின் உரம் முழுக்க அதில் இருக்கிறது. 1997-ல் ஒரு மாதம் திறந்ததற்குப் பிறகு ஏரியில் நீலப்பச்சைப் பாசி படர்ந்தது. 2019-ல் ஒரே வருடத்தில் இரண்டு முறை, மொத்தம் 123 நாள் திறந்தபோது பாசியின் காரணமாக மிசிசிப்பி மாநிலக் கடற்கரைகளில் மக்கள் தண்ணீரில் இறங்கத் தடை விழுந்தது, சிப்பிப் படுகைகள் அழிந்தன. சாக்கடை என்றால் நமக்கு அருவருப்பு; உரம் என்றால் அருவருப்பு இல்லை. நீர்நிலைக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

ஃப்ளோரிடாவில் 2021-ல் நடந்தது இன்னும் தெளிவான உதாரணம். பைனி பாயின்ட் என்ற பழைய பாஸ்பேட் உர ஆலையின் கழிவுநீர்த் தேக்கத்தில் கசிவு ஏற்பட்டு, அது உடைந்தால் சுற்றியுள்ள வீடுகள் போய்விடும் என்று பயந்து, சுமார் 81 கோடி லிட்டரை டாம்பா விரிகுடாவில் விட்டார்கள். நியூ ஆர்லியன்ஸ் வெள்ளத்தோடு ஒப்பிட்டால் அற்பமான அளவு. ஆனால் அதில் 180 டன்னுக்கு மேல் நைட்ரஜன் இருந்தது. சில நாட்களில் பாசிப் பெருக்கம் வந்தது, இது உறுதி. அந்தக் கோடையில் வந்த செம்பாசியும் கரையொதுங்கிய மீன்களும் எவ்வளவு தூரம் அதனால் என்பதில் இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. செம்பாசி கடலில் முன்பே இருந்தது. உரம் அதை ஊட்டி வளர்த்தது என்பது நியாயமான வாதம், அளவு சொல்வது கஷ்டம். எத்தனை லிட்டர் என்பதைவிட எத்தனை டன் எந்தப் பொருள் என்பதுதான் கணக்கு.

இனி சேறு. தண்ணீர் போனதும் தெரு, தோட்டம், வரவேற்பறை எங்கும் காய்ந்து பாளம் பாளமாக வெடித்த சாம்பல் நிற வண்டல். அதில் ஆர்செனிக், ஈயம், டீசல் வகை எண்ணெய், பல்வளைய ஹைட்ரோகார்பன்கள் எல்லாம் இருந்தன. பெரும்பாலான இடங்களில் உடல்நலத்துக்கு ஆபத்தான அளவில் இல்லை என்று அரசு அமைப்புகள் சொல்லின. இயற்கை வளப் பாதுகாப்புக் குழு என்ற தன்னார்வ அமைப்பு, அதே பரிசோதனை எண்களை வைத்துக்கொண்டு, பல இடங்களில் ஆர்செனிக் துப்புரவு செய்ய வேண்டிய வரம்பைத் தாண்டியிருக்கிறது என்றது. இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. டெல்டா மண்ணில் இயல்பாகவே ஆர்செனிக் உண்டு. வெள்ளத்துக்கு முன் அந்தந்தத் தோட்டத்தில் எவ்வளவு இருந்தது என்று யாரும் அளந்து வைக்கவில்லை. எந்த வரம்பை எடுப்பது, குழந்தை விளையாடும் முற்றமா, காலி மனையா என்பதைப் பொறுத்துப் பதில் மாறுகிறது. என் அபிப்பிராயம் கேட்டால், குழந்தைகள் திரும்பி வரப் போகிற இடத்தில் மேல் மண்ணை வழித்து எடுத்திருக்க வேண்டும். அதை அந்தந்த வீட்டுக்காரர் தலையில் விட்டது நியாயமில்லை. கையுறையும் முகமூடியும் இல்லாமல், காய்ந்த சேற்றைத் துடைப்பத்தால் பெருக்கித் தூசியைச் சுவாசித்தவர்கள் எத்தனையோ பேர்.

எதிர்பாராத ஒரு விஷயத்தையும் சொல்ல வேண்டும். ஹோவர்ட் மீல்கே என்ற ஆய்வாளர் கத்ரீனாவுக்குப் பல வருடம் முன்பிருந்தே அந்த நகரத்து மண்ணில் ஈயத்தை அளந்து வந்தவர். அவரும் சகாக்களும் வெள்ளத்துக்குப் பிறகு மறுபடி அளந்தபோது பல பகுதிகளில் மேல் மண்ணின் ஈயம் கணிசமாகக் குறைந்திருந்தது. குழந்தைகளின் ரத்தத்திலும் குறைந்திருந்தது. ஏரியிலிருந்தும் கரையோரச் சதுப்பிலிருந்தும் வந்த ஓரளவு சுத்தமான வண்டல் பழைய நஞ்சு மண்ணை மூடியது ஒரு விளக்கம். ஊருக்குத் திரும்பிய மக்கள் வேறு, வீடுகள் பழுது பார்க்கப்பட்டன என்பவையும் கணக்கில் வரலாம். குறைந்தது உறுதி, ஏன் என்பதில்தான் விவாதம். மர்ஃபி எண்ணெய் பரவிய தெருக்களில் இப்படி எந்த நல்ல செய்தியும் இல்லை. அங்கே மண்ணைத் தோண்டி எடுக்க வேண்டியிருந்தது, வழக்கு 33 கோடி டாலர் சமரசத்தில் முடிந்தது, பலர் வீட்டை விற்றுவிட்டுப் போனார்கள்.

ஊரிலிருந்து வெளியேறியதில் தண்ணீரைவிடக் குப்பைதான் நீண்ட காலத்துக்குத் தொல்லை தரக்கூடியது. ஊறிப்போன வீடுகளின் சுவர்ப்பலகை, தரைவிரிப்பு, மரச்சாமான் எல்லாம் மலையாகக் குவிந்தன. அவசரம் என்ற பெயரில் 2006-ல் நகரத்தின் கிழக்கே, வியட்நாமிய மக்கள் வாழும் பகுதிக்கு அருகில் ஷெஃப் மென்டூர் சாலையில் ஒரு கிடங்கைத் திறந்தார்கள். அடியில் கசிவு நிலத்தில் இறங்காமல் தடுக்கிற முறையான விரிப்பு இல்லை. அந்த மக்கள் தெருவுக்கு வந்து போராடி அதே வருடம் ஆகஸ்டில் மூட வைத்தார்கள். ஏரிக்காக உலகமே பேசியது. இதற்கு அந்த மக்கள் மட்டும்தான் பேச வேண்டியிருந்தது.

எது சந்தேகத்துக்குரியது என்றும் சொல்லிவிடுகிறேன். கால்வாய் வாய்களில் படிந்த அடிமண்ணில் 2005-ன் பங்கு எவ்வளவு, அதற்கு முந்தைய பல பத்தாண்டுகளின் மழைநீர் கொண்டு சேர்த்தது எவ்வளவு என்று சுத்தமாகப் பிரித்துச் சொல்ல முடியாது. செயின்ட் பெர்னார்ட் பக்கத்துத் தண்ணீர் ஏரிக்குப் போகவில்லை. அருகிலுள்ள சதுப்புநிலத்துக்குப் போனது. பெரிய ஏரிக்கு இருக்கிற நீர்த்துப்போகச் செய்யும் சக்தி சதுப்புக்குக் கிடையாது. அதனால் ஏரியைப் பற்றி நான் சொல்கிற தைரியத்தோடு அந்தச் சதுப்பைப் பற்றிச் சொல்ல மாட்டேன். இன்னொன்று, இறைத்ததன் விளைவையும் புயலின் விளைவையும் பிரிப்பதே கடினம். அந்தப் புயலில் தென்கிழக்கு லூசியானா முழுவதும் எண்ணெய் நிலையங்களிலிருந்து இரண்டரைக் கோடி லிட்டருக்கு மேல் எண்ணெய் கொட்டியது. கத்ரீனாவும் ரீட்டாவும் சேர்ந்து சுமார் 217 சதுர மைல் சதுப்புநிலத்தைத் திறந்த நீராக மாற்றிவிட்டதாக அமெரிக்க நிலவியல் ஆய்வகம் அப்போது கணக்கிட்டது. இவற்றின் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பம்ப் செய்த பங்கு சிறியது.

ஆனால் இதை வைத்து எந்த ஊரிலும் வெள்ளத்தை அப்படியே இறைத்துவிடலாம் என்று யாராவது வாதாடினால் ஒத்துக்கொள்ளாதீர்கள். பான்சர்ட்ரெயின் தேறியதற்குக் காரணம் அதன் அகலம், கடலோடு இருக்கிற தொடர்பு, உப்பு, வெயில். இதே தண்ணீரைக் குறுகிய ஒரு ஆற்றிலோ தேங்கிய குளத்திலோ விட்டிருந்தால் ஒரே ராத்திரியில் ஆக்சிஜன் தீர்ந்து மீன்கள் செத்து மிதந்திருக்கும். எங்கே இறைத்தாலும், கடைசி ஒரு அடி தண்ணீரைத் தனியாக நிறுத்தி எண்ணெயை வழித்து எடுத்தார்களா, எண்ணெய்க் கிடங்கு உள்ள பகுதியை மற்றதோடு கலக்காமல் பிரித்தார்களா, தண்ணீர் போன பிறகு சேற்றைத் தெருவாரியாகப் பரிசோதித்து முடிவை மக்களிடம் கொடுத்தார்களா என்று கேளுங்கள். வெள்ளம் வடிந்த வீட்டுக்குள் நீங்களே போக நேர்ந்தால், சேறு ஈரமாக இருக்கும்போதே மண்வெட்டியால் அள்ளிவிடுங்கள். காய்ந்துவிட்டால் தண்ணீர் தெளித்த பிறகுதான் கை வைக்க வேண்டும். கால் காயத்தோடு உள்ளே போகவே கூடாது.